மாயாவியின் நான்கு சொற்கள்

முன்னொரு காலத்தில் முத்தூர் அரசவையில் நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். அன்று அங்கே இருந்தவர்கள்: அரசர் செங்கோடவேள், மாயாவி வச்சிரகேசன், உப்பளத்துப் பெண் செவ்வந்தி, கல்லாய் நின்ற மூவர். அம்மூவரில் ஒருத்தி செவ்வந்தியின் அக்காள் பூவாயி. "உனக்கு விளக்கேந்த மாட்டேன்" என்று மாயாவியிடம் சொன்னதற்காக, கையில் விளக்குடன் கற்பாவையானவள். மற்ற இருவரும் அவளை மீட்க வந்து தோற்ற புலவர்கள்.

போட்டியின் விதி இது. மாயாவி செப்பேட்டில் நான்கு சொற்களைப் பொறித்திருந்தான். மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று என ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனி மாயக்குறி. நாழிகை காட்டும் துளைக் கிண்ணமான வட்டில் நீரில் மூழ்குமுன் அவற்றைப் படித்தால் சாபம் நீங்கும். தவறினால், படிக்க வந்தவரும் கல்.

"ஓலையும் எழுத்தாணியும் தரட்டுமா, பெண்ணே?" என்றார் அரசர்.

"ஒரு தட்டில் மணல் போதும், அரசே."

மாயாவி சிரித்தான். "நீ என்ன, அரிச்சுவடிப் பிள்ளையா?"

"ஓலையில் கீறியதை விட்டுவிட மனம் வராமல்தானே அந்தப் பெரியவர்கள் கல்லானார்கள்?"

வட்டில் மிதந்தது. செவ்வந்தி உடனே எழுதவில்லை, பார்த்தாள். நான்கு சொற்களும் ஒரே குறியில் தொடங்கின. இரண்டு நீளமானவை, இரண்டு மிகச் சிறியவை. சிறியவற்றை முதலில் பிடித்தாள். 'கை, கா' என்று எழுதினாள். நீண்ட சொற்கள் இசையவில்லை. அழித்தாள்.

"ஒன்று!" என்று எண்ணினான் மாயாவி.

'பை, பா' என்று எழுதினாள். இசையவில்லை. அழித்தாள்.

"இரண்டு! சபை நடுவே இத்தனை பிழையா? வெட்கமில்லையா?"

"பிழையை அழிப்பதிலா வெட்கம்? வைத்துக்கொள்வதில்தான்."

வட்டிலின் விளிம்பில் நீர் ஏறியது. 'வை, வா' என்று எழுதினாள். நீண்ட சொற்களில் ஒரே குறி இரட்டித்து வந்ததைக் கண்டாள். அக்காளின் கையைப் பார்த்தாள். 'விளக்கை' என்று நிரப்பினாள், இசைந்தது. எஞ்சியதும் தானே வசப்பட்டது. தலை நிமிர்ந்து படித்தாள்:

"விளக்கை வை. வீட்டுக்கு வா."

வட்டில் மூழ்கியது. மாயாவியின் கோல் சாம்பலாய் உதிர்ந்தது. புலவர் இருவரும் மூச்சுவிட்டார்கள். அரசர் அரியணையிலிருந்து எழுந்து நின்றார். அவர் அதுவரை எவருக்கும் எழுந்ததில்லை. செவ்வந்தி தலை தாழ்த்தாமல் அந்த மரியாதையை ஏற்றாள்.

பூவாயி விளக்கைத் தரையில் வைத்தாள். அரசரைப் பாராமல், மாயாவியைப் பாராமல், தங்கையின் கையைப் பற்றிக்கொண்டு வாயிலைக் கடந்து நடந்தாள்.