நாற்பதாவது ஓட்டு

ஒரு தீவு நாட்டில் ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்குவதற்கான விசாரணை நடந்துகொண்டிருந்தது. தீர்ப்புக்கு முந்தைய நாள் காலை, மேலவை உறுப்பினர் பூவராகன் தன் குருவைப் பார்க்க மடத்துக்கு வந்தார். சீடருக்கு அறுபது வயது. குரு அமுதலிங்க அடிகளுக்கு நாற்பதுதான். பூவராகனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஊரார்தான் சிரித்தார்கள்.

அடிகள் பாத்தியில் கீரை பறித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, நாளைக்கு ஓட்டெடுப்பு. அறுபது பேர்ல மூணுல ரெண்டு பங்கு, நாற்பது கை தூக்கினா வீரபாகு வீட்டுக்குப் போவான். முப்பத்தொன்பது தேறிடுச்சு. நாற்பதாவது கை என்னோடது."

"தூக்காம விட்டா?"

"தப்பிச்சுடுவான். இன்னும் மூணு வருஷம் அவன்தான் ஜனாதிபதி."

"அப்புறம் என்ன கேள்வி?"

பூவராகன் வரப்பிலேயே உட்கார்ந்தார். "என் தம்பி கோதண்டத்தோட காலை அவன் போலீஸ்தான் உடைச்சுது. இன்னிக்கும் தம்பி கட்டையை ஊன்றித்தான் நடக்கறான். அன்னிக்கே நான் மனசுல கையைத் தூக்கிட்டேன். ஆனா பாரபட்சம் இல்லாம தீர்ப்புச் சொல்றேன்னு சபையில சத்தியம் பண்ணியிருக்கேன். சோறு இறங்கல, சாமி."

"எனக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. சொல்லுங்க."

பூவராகன் சொன்னார். கீழவை குற்றம் சாட்டும், மேலவை விசாரிக்கும். குற்றம் சாட்டியவர்களே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பதால் இந்தப் பிரிவினை. துணை ஜனாதிபதி தலைமை தாங்க முடியாது. நாற்காலி காலியானால் அது அவருக்குத்தான் போகும். அதனால் தலைமை நீதிபதி வந்து உட்காருவார்.

"தலையை வாங்கிடுவீங்களோ?" என்று கேட்டார் அடிகள்.

"அது பழைய காலம், சாமி. அறுநூறு வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்துல மந்திரிகள் மேல இதைக் கொண்டுவர ஆரம்பிச்சாங்க. போகப் போக சிலருக்குத் தலையே போச்சு. அமெரிக்காக்காரங்க சட்டம் எழுதினப்போ தலையை விட்டுட்டுப் பதவியை மட்டும் எடுத்தாங்க. அங்கேயும் ஒரு ஜனாதிபதி ஒத்தை ஓட்டுல தப்பிச்சிருக்கார். அவங்களைப் பார்த்துத்தான் நம்ம சட்டமும்."

"குற்றப்பத்திரிகை வச்சிருக்கீங்களா?"

பூவராகன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மேலவையில் கொடுத்த உறை கிழிக்கப்படாமலே இருந்தது. அடிகள் அதை வாங்கினார். உறையைப் பிரித்தார். பேனாவை வாங்கி, வீரபாகு என்று வந்த இடத்திலெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். அதற்கே வெகுநேரம் ஆயிற்று.

"வாய்விட்டுப் படிங்க."

முதல் குற்றம்: அமுதலிங்கம் தன் மருமகனுக்குத் துறைமுகத்தில் பெரிய வேலை வாங்கிக் கொடுத்தார்.

"மருமகன் அந்த வேலைக்குப் படிச்சவனா இருக்கலாமே?" என்றார் பூவராகன். துறவிக்கு ஏது மருமகன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது: அமுதலிங்கம் எதிர்க்கட்சிக்காரர்களின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கச் சொன்னார். சாட்சி ஒரே ஆள், அவனும் வேலையிலிருந்து நீக்கப்பட்டவன்.

"இவன் பேச்சை நம்பி ஒருத்தரை இறக்கிடறதா?" பூவராகனுக்குக் கோபமே வந்துவிட்டது.

மூன்றாவது: அமுதலிங்கம் ஏழு மாவட்டங்களின் ஓட்டுப்பெட்டிகளை எண்ண விடாமல், மற்ற இடங்களில் எண்ணிக்கை முடியும்வரை ராணுவ முகாமில் பூட்டி வைக்க உத்தரவிட்டார். உத்தரவின் நகல் கூடவே இருந்தது. கையெழுத்து தன்னுடையதுதான் என்று கீழவையில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

பூவராகன் அந்தப் பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினார். ஏதாவது ஒரு சாக்கு கிடைக்காதா என்று திரும்ப முதலிலிருந்து படித்தார். கிடைக்கவில்லை. தாளைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அவருக்கு அழுகை வந்தது.

"சொல்லுங்க," என்றார் அடிகள்.

"நீங்க... நீங்க இந்தப் பதவியில இருக்கக் கூடாது, சாமி."

"என் மேல கோபமா?"

"ஐயோ, இல்ல. இதைச் சொல்ல வேண்டி வந்துதேன்னு இருக்கு."

"கோதண்டத்தோட கால்?"

பூவராகன் தாள்களைப் பார்த்தார். "அது இதுல இல்ல. அதுக்குக் கோர்ட்டுலதான் தனியா வழக்குப் போடணும்."

அடிகள் மறுபடியும் கீரைப் பாத்தியில் குனிந்தார். பூவராகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ நாளைக்குக் கையைத் தூக்கலாமா, சாமி?"

"இப்ப நடுங்கின மாதிரி நடுங்கினா தூக்குங்க. நடுங்கலேன்னா எழுந்து வெளியே வந்துடுங்க."