எழுதாத கன்ஸ்ட்ரக்டர்

"நான் ஒரு வரிகூட எழுதல, மேடம். எழுதாததுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்றார் மணவாளன்.

நிரலெழுதுவதில் அவர் குருவாக ஏற்றிருந்த பர்வீன், வயதில் அவருக்கு இளையவர். மணவாளனின் நிரலைத் திரையில் திறந்தார்.

நிகழ்ந்தது இதுதான்.

ஒரு பேரூராட்சியின் இணையதளத்தில், திருமணப் பதிவுக்கான நிரல் வகுப்பை, அதாவது 'கிளாஸை', ஆரோக்கியம் எழுதியிருந்தார். அதனையே தாய் வகுப்பாகக் கொண்டு, இறப்புப் பதிவுக்கென ஒரு சேய் வகுப்பை மணவாளன் அமைத்தார். தாயில் உள்ளதெல்லாம் சேய்க்கும் தானே வந்துவிடும்.

மகனை இழந்த பெண்ணொருத்தி நேற்று அதில் விண்ணப்பித்தாள்.

'வாழ்த்துகள்! உங்கள் இல்லத்து நன்னாளில் நாங்களும் மகிழ்கிறோம்' என்றது திரை.

தவறிழைத்தவரை வேலையிலிருந்து நீக்குவதென்று, தளத்தை உருவாக்கிய அவர்களது நிறுவனம் முடிவுசெய்தது. அவர் யாரென்று மணவாளன் மாலைக்குள் அறிக்கை தர வேண்டும். ஆரோக்கியத்தின் பெயரை அவர் அதில் எழுதிவிட்டிருந்தார்.

"வாழ்த்து இருக்கறது ஆரோக்கியத்தோட கன்ஸ்ட்ரக்டர்ல. பதிவு உருவாகும்போது முதல்ல ஓடுறது அதுதான். என் வகுப்புல கன்ஸ்ட்ரக்டரே கிடையாது."

"இல்லேன்னா எது ஓடும், சார்?"

"தாயோடது. இதுகூடத் தெரியாதா எனக்கு?"

"அவர் வகுப்பை நீங்க எடுத்தது ஆரோக்கியத்துக்குத் தெரியுமா?"

"அவர் கல்யாண லீவுல இருந்தார்."

பர்வீன் சிரிக்கவில்லை.

"சரி, இப்ப ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதி, தாயைக் கூப்பிடாம விட்டுடறேன்," என்றார் மணவாளன்.

"விட்டுப் பாருங்க."

எழுதினார். ஓட்டினார். பதிவு உருவாகவே இல்லை. தாயை அழைக்காத சேய்க்குத் தன்னைத் 'தான்' என்று சொல்லிக்கொள்ளவும் இயலாது என்றது பிழைச் செய்தி.

எழுதியதை அழித்தார். வகுப்பு பழையபடி வெறுமையாயிற்று.

"இந்த வகுப்பை அமைச்ச அன்னிக்குச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"என்ன பேர் போட்டு?"

"கைக்கு வந்த எழுத்தைத் தட்டினேன். எல்லாரும் அப்படித்தானே செய்றோம்? சேவ் ஆச்சு. மூடிட்டேன்."

"திரையில என்ன வந்துச்சு?"

"படிக்கல."

பர்வீன் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப ஒரு பேர் போடுங்க. உங்க வீட்டுல ஒருத்தர் பேர்."

சென்ற ஆடியில் மறைந்த தம்பியின் பெயரை மணவாளன் தட்டினார். பொத்தானின்மேல் கை நின்றது.

"அழுத்துங்க, சார். ஓடுதான்னு பாக்க வேணாமா?"

அழுத்தினார்.

திரை வாழ்த்தியது.

இம்முறை கடைசி எழுத்துவரை வாசித்தார்.

அறிக்கையைத் திறந்து, ஆரோக்கியத்தின் பெயரை நீக்கித் தன் பெயரை இட்டார்.

"அனுப்பிடறேன், மேடம்."

"அனுப்புங்க," என்றார் பர்வீன். "அந்த அம்மாவுக்கு என்ன எழுதப்போறீங்க?"