செம்புத் தண்ணீரும் சமநீதியும்

செங்கோடன் என்றொரு ராஜா. நியாயவான். அதுதான் தொல்லை.

அந்தப்புர மாடியில் பூந்தொட்டிகள். சில அண்டா பெரிசு, சில கிண்ணம் சிறிசு. ராஜா ஒருநாள் பார்த்தார். "என் ஆட்சியில் பெரியவன் சிறியவன் கிடையாது. எல்லாத் தொட்டிக்கும் தினம் ஒரு செம்பு" என்று உத்தரவு போட்டார். சபை கைதட்டியது. அதற்குத்தானே சபை.

சின்னத் தொட்டியில் துளசி அழுகியது. பெரிய தொட்டியில் செண்பகம் சருகானது. துளசி போனால் போகட்டும். செண்பகம் மகாராணியின் தாய்வீட்டுச் சீதனம்.

தோட்டக்காரி பூவாத்தாளை இழுத்து வந்தார்கள். செண்பகத் தொட்டியும் சபைக்கு வந்தது.

ராஜா மண்ணைத் தொட்டார். "மேலே ஈரம். செடி சருகு. என்னடி சூது?"

"உத்தரவுப்படி ஒரு செம்பு ஊத்தினேன் சாமி."

"வாயைப் பாருங்கள்!" என்றார் பிரதானி வீரபாகு. "உத்தரவின் மேலேயே பழி!"

ராஜாவுக்கு மூக்கு சிவந்தது. "மேலே ஈரம் காட்டி அடியைக் காயவிட்டவர் யாராயிருந்தாலும் மொட்டையடித்துக் கழுதையில் ஏற்றுங்கள்!"

மூலையில் மருதப்பிள்ளை எழுந்தார். சபையின் விகடகவி. "யாராயிருந்தாலுமா மகாராஜா?"

"யாராயிருந்தாலும்!"

மருதப்பிள்ளை கைத்தடியைத் தொட்டிக்குள் குத்தினார். மேலே சேறு. அடியில் புழுதி. தலையாட்டிக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு நாவிதரோடும் கழுதையோடும் வந்தார். கழுதையைப் பிரதானி முன்னால் நிறுத்தினார்.

"யோவ், தோட்டக்காரி அந்தப் பக்கம்!" என்றார் வீரபாகு.

"தெரியும். பஞ்சத்துக்கு மகாராஜா களஞ்சியம் திறந்து, பங்கிட உம்மிடம் கொடுத்தார். எவ்வளவு ஈரமுள்ள மனசு! உம்ம வீட்டு நாய்க்குத் தொப்பை விழுந்திருக்கு. குடியானவன் அடுப்பில் பூனை தூங்குது. மேலே ஈரம், அடியில் வறட்சி. தீர்ப்பு மகாராஜாவுடையது. கழுதை மட்டும்தான் என்னுடையது."

நாவிதர் கத்தியைத் தீட்டினார். "தலைப்பாகையை எடுங்க சாமி."

"மகாராஜா!" என்று அலறினார் பிரதானி. ராஜா பார்வையைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கத்தி வேலையைத் தொடங்கியது.

பிறகு ராஜா மெல்லக் கேட்டார். "பிள்ளைவாள், ஒரு செம்பு உத்தரவு என்னுடையதாச்சே. அப்படியானால் நானும்..."

"ஒரு கழுதைதான் கிடைத்தது மகாராஜா."

ராஜா சிரித்தார். வேறென்ன செய்வார். "பூவாத்தாளை விடுங்கள். செண்பகத்துக்கு என்ன வழி?"

"மண் காய்ந்து இறுகிவிட்டது. மேலே ஊற்றினால் ஓரமாக ஓடிவிடும். தொட்டியைத் தண்ணீர் அண்டாவில் உட்கார வையுங்கள். அடி ஓட்டை வழியாக அதுவே குடிக்கும். அப்புறம் செம்பை எண்ணாதீர்கள். விரலை விட்டுப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள்."

அப்படியே செய்தார்கள். செண்பகம் துளிர்த்தது. அடுத்த சபையில் புதுப் பிரதானி பட்டு உடுத்திப் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்.

"என்ன பரிசு வேண்டும், கேளும் பிள்ளைவாள்!" என்றார் ராஜா.

"ஒரு செம்பு மோர். தொண்டை காய்கிறது."

"இவ்வளவுதானா?"

"இன்னொன்று. புதுப் பிரதானி வழியாக அனுப்பாதீர்கள். வெறும் செம்புதான் வந்து சேரும்."