அக்கரையில் நின்றவன்

கார்த்திகையில் குளம் பெருகிவிட்டால் ரெபேக்காள் அம்மாவின் ஆசிரமம் தீவாகிவிடும். ஊர்க்கரைக்குப் போக ஒரே ஒரு தோணிதான். பனி இறங்கிய காலைகளில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

வேதமாணிக்கம் அங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இறையியல் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தியவர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். இருந்தும், சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டு வந்திருந்தார். அம்மா அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை ஜெபம் முடிந்ததும் அவர் கேட்டார்.

"அம்மா, சிலுவையால தேவநீதி எப்படித் திருப்தியாச்சு? நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் வாங்கிக்கிட்டார்ங்கிறாங்க சிலர். பாவத்தால குலைஞ்ச தேவ மகிமைக்கு அவரோட கீழ்ப்படிதல் ஈடாச்சுங்கிறாங்க வேற சிலர். சும்மா மன்னிச்சா சட்டத்துக்கு மதிப்பிருக்காது, அதைக் காக்கத்தான் சிலுவைன்னு சொல்றவங்களும் உண்டு. மூணையும் நானே நடத்தியிருக்கேன். எது சரி?"

"இத்தனை நாள் கேட்காததை இன்னைக்கு ஏன் கேட்கிறீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆவுடையப்பன் எழுதியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு லாரி ஓட்டியவன். அன்று பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்று அந்த லாரியில் அடிபட்டுச் செத்தவள் சுகிர்தா, வேதமாணிக்கத்தின் ஒரே மகள். அவன் இப்போது சிறையிலிருந்து வந்துவிட்டான். இன்று காலை அவரைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தான்.

அம்மா படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"தண்டனையை முழுசா அனுபவிச்சானா?"

"அனுபவிச்சான்."

"உங்க முன்னால தலை குனிஞ்சானா?"

"கோர்ட்டு வாசல்லயே கால்ல விழுந்தான்."

"சட்டத்துக்கு மதிப்பு?"

"பேப்பர்ல எல்லாம் வந்துது. அந்த ரோட்டுல இப்ப எல்லாரும் குடிச்சிட்டு ஓட்டப் பயப்படுறாங்களாம்."

"அப்போ மூணும் ஆச்சு."

"ஆச்சு."

"உங்களுக்குத் திருப்தியாச்சா?"

அவர் கடிதத்தை மறுபடி சட்டைப் பையில் வைத்தார்.

அக்கரையில் மணி அடித்தது. தோணி கேட்கிறார்கள்.

"தோணிக்காரர் காய்ச்சல்ல படுத்திருக்கார். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் அம்மா.

"நானா?"

அம்மா தோணிக் கழியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பனி அவரை மூடிக்கொண்டது. கழி ஊன்றும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. தாமரை இலைகள் விலகி வழிவிட்டு, பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டன. எங்கோ ஒரு நீர்க்கோழி கூவியபோது யாரோ அப்பா என்று அழைத்ததுபோல் இருந்தது. இரண்டு முறை திரும்பிவிட நினைத்தார். தோணி என்னவோ முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

கரைக்குப் பத்தடி முன்னால் அது கோரைப்புல்லில் சிக்கி நின்றுவிட்டது. கரையில் நரைத்த மனிதன் ஒருவன், ஒரு கால் சற்றுச் சூம்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சார், நீங்களா வந்தீங்க? வேண்டாம் சார். நான் போயிடுறேன்."

"நில்லு."

அவர் கழியை ஊன்றி உந்திப் பார்த்தார். தோணி அசையவில்லை.

"அப்போ நானே இறங்கி வந்துடுறேன் சார்" என்று அவன் அந்தச் சூம்பிய காலைத் தண்ணீரை நோக்கி நீட்டினான்.

அங்கே ஆழம் மார்பளவு. அடியில் சேறு.

வேதமாணிக்கம் குதித்துவிட்டார். குளிர் எலும்புவரை ஏறியது. கோரையை விலக்கி, தோணியைக் கரைவரை இழுத்து, முதுகால் அணை கொடுத்து நின்றார்.

"தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறு."

அவன் கை தோள்மேல் பட்டும் படாமலும் இருந்தது. பிறகு முழுப் பாரமும் இறங்கியது.

அவரும் ஏறிக் கழியை ஊன்றினார். அவன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அம்மா துறையில் நின்றிருந்தார். ஆவுடையப்பனிடம், "உள்ளே போங்க தம்பி, கஞ்சி சூடா இருக்கு" என்றார். அவன் தயங்கித் தயங்கி உள்ளே போனான்.

வேதமாணிக்கத்தின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பல் கிட்டியது.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."

அம்மா துண்டை அவரிடம் நீட்டினார்.

"தப்பு பண்ணினவர் மேல ஒரு சொட்டு ஈரம் இல்லை. நீங்க ஏன் வாத்தியாரே நனைஞ்சிருக்கீங்க?"