பின்சீட்டில் கேட்ட சத்தம்

தாராபுரம் ரோட்டில் ஒரு சின்ன மடம். மடத்தில் ஒரு சாமியார், ஒரு பசு, ஒரு கறுப்புக் கார். காருக்கு வயது அறுபது. சாமிக்கு இன்னும் பத்து கூட.

சென்னியப்பன் வந்து சேர்ந்து ஏழு மாதம். முப்பது வருடம் ஒர்க்‌ஷாப் நடத்தியவன். ஒருநாள் ஸ்பேனரைக் கீழே போட்டான், சாவியை மகன் கையில் கொடுத்தான், கிளம்பி வந்துவிட்டான். கிரீஸ் வாடை இனி ஏழு ஜென்மத்துக்கு வேண்டாம். காவி கட்ட வேண்டும். அது ஒன்றுதான் ஆசை.

வாரத்துக்கு ஒரு தடவை கேட்பான். "சாமி, எனக்கு எப்பங்க காவி?"

வாரத்துக்கு ஒரு தடவை சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அன்று போகவில்லை.

"கார் பின்னாடி ஊளையிடுது. அது நிக்கட்டும். வர்ற பௌர்ணமிக்குக் கட்டிக்க."

"ஊளையா? நான்தானுங்களே தினம் ஓட்டறேன். ஒண்ணும் கேக்கலியே."

"நீ முன்னாடி உக்காந்திருக்கே. சாவியைக் குடு."

சாமி டிரைவர் சீட்டில் ஏறினார். பின்சீட்டில், தான் உட்காரும் தர்ப்பைப் பாய் மேல் சென்னியப்பனை உட்கார வைத்தார். தன் தலையில் துண்டைக் கட்டினார். கிளப்பினார். பசு மிரண்டு ஓடியது.

ஊருக்குள் நுழைந்ததும் வம்பு. டீக்கடைக்காரர் காரைப் பார்த்துவிட்டு எழுந்தார், பின்சீட்டைக் கும்பிட்டார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் ரோட்டோரத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். முன்னால் இருந்த துண்டுக்காரரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்னியப்பன் கூசிப்போய்க் குனிந்தான்.

"கேக்குதா?" என்று கத்தினார் சாமி.

"எல்லாரும் என்னையக் கும்பிடறாங்க சாமி!"

"அதையா கேட்டேன்? சத்தம் கேக்குதா?"

அப்போதுதான் காதைக் கொடுத்தான். கேட்டது. சீட்டுக்கு அடியில் தூரத்து நாய் போல ஓர் ஊளை. சாமி ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறியது. காலை எடுத்தால் குரல் மாறியது. வளைவில் திரும்பும்போது மட்டும் மாறவில்லை. அப்படியென்றால் சக்கரத்து பேரிங் இல்லை.

"டிஃபரன்ஷியலுங்க. பின் அச்சுக்கு நடுவுல ஒரு உருண்டை இருக்குதுங்களே, அதுக்குள்ள தேஞ்சிருச்சு."

"பேரெல்லாம் எனக்கு எதுக்கு? நிக்க வை, மெக்கானிக்கு."

'மெக்கானிக்கு' என்ற அந்தச் சொல் அவனுக்குச் சுருக்கென்றது.

முகத்தைச் சுளித்துக்கொண்டே பிரித்தான். உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம், அது சுற்றிவிடும் ஒரு பெரிய பல்சக்கரம். பேரிங் தேய்ந்து பெரியது தள்ளாடிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து புது பேரிங் வந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் மயிரிழை இடம் விட வேண்டும். கைக்குத் தெரியும். கை பேச்சை அவன் கேட்கவில்லை. இடம் இருந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் காவி போச்சு. துளி ஆட்டமில்லாமல் நெருக்கி முடுக்கினான்.

கார் ஊமையாக ஓடியது. சாமியைப் பின்னால் வைத்து மிதப்பாக ஓட்டினான். ஆறாவது மைலில் தீய்ந்த எண்ணெய் வாடை. நிறுத்தி இறங்கினார்கள். சாமி குனிந்து, சொம்புத் தண்ணீரை அந்த உருண்டை மேல் ஊற்றினார். தோசைக்கல் மாதிரி சொய்ங் என்றது.

"சத்தமே வரலையேங்க..." என்று இழுத்தான் சென்னியப்பன்.

"இப்ப வருதே."

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். பௌர்ணமிக்கு நாலு நாள்.

மறுபடி பிரித்தான். பழுத்துப்போன பேரிங்கை மாற்றினான். குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பற்களில் தடவிச் சுற்றினான். பல்லோடு பல் எங்கே படுகிறதென்று சிவப்பு காட்டிக்கொடுக்கும். ஓரத்தில் பட்டது. சக்கரத்தைத் தள்ளி நிறுத்தும் தகட்டை எடுத்துவிட்டு மெலிசாக வேறொன்று வைத்தான். இந்த ஓரத்தை விட்டு அந்த ஓரத்தில் பட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது காதில் விழவில்லை. என்னமோ பாட்டு வாயில் வந்தது. எத்தனையாவது தடவையோ, பல்லின் நடுவே பொட்டு வைத்த மாதிரி வந்து உட்கார்ந்தது தடம்.

"அப்படி வா என் தங்கமே!" என்றான் சக்கரத்தைப் பார்த்து.

சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தான். பற்களுக்கு நடுவே விட்டுச் சுற்றினான். தாள் கிழிந்து வந்தால் நெருக்கம். வெறுமனே கசங்கி வந்தால் சரியான இடம். கசங்கி வந்தது. சிரித்தான்.

வாசலில் சாமி. "எந்தத் தேதியைக் கிழிச்சே?"

தாளை நீவிப் பார்த்தான். பௌர்ணமி.

"இன்னிக்குங்களா?"

"காலையிலேருந்து."

சென்னியப்பன் எழுந்தான். குளிக்க வேண்டும். திரும்பித் திறந்து கிடந்த சக்கரங்களைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"மூடிட்டு எண்ணெய் ஊத்தணுமுங்க. அரைமணி நேரம். காவி காத்திருக்குமுங்களா?"

சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

பிறகு வந்து, தலையில் துண்டைக் கட்டி, டிரைவர் சீட்டில் ஏறினார். சென்னியப்பன் பின்னால். ஊரைத் தாண்டி ஆறு மைல், திரும்பி ஆறு மைல். இறங்கியதும் சாமி உருண்டையைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"யாரெல்லாம் கும்பிட்டாங்க?"

"பாக்கலீங்க. கேட்டுக்கிட்டு வந்தேன்."

"என்ன கேட்டுது?"

"ஊளை போயிருச்சுங்க. ஆனா..." தலையைச் சொறிந்தான். "லேசா ஒரு முனகல் இருக்குதுங்க. அதையும் நிறுத்தினா மறுபடி தீயும்."

சாமி உள்ளே போய் ஒரு துணியை எடுத்து வந்து நீட்டினார். புதுக் காவி. மடிப்புக்கூடக் கலையவில்லை.

சென்னியப்பன் பதறிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஐயோ சாமி, கையெல்லாம் கிரீஸு!"

"அதுக்குத்தானேய்யா துணி."