ஒன்பதாம் ஓலை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை நல்ல ராஜா ஒருவர் ஆண்டு வந்தார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. இவர் கெட்டவர் இல்லை. ஆனால் தூக்கப் பிரியர். பகல் சாப்பாடு முடிந்து கண்ணை மூடினால் போதும், அரண்மனை வாசலில் யாராவது "நியாயம் கேட்டு வந்திருக்கேன் சாமி" என்று குரல் கொடுப்பார்கள். ஒருநாள் ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவரையும் நாம் பார்க்கக் கூடாது. எவர் குரலும் நமக்குக் கேட்கக் கூடாது. ஆனால் எல்லோருக்கும் நீதி கிடைத்தாக வேண்டும். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

அரண்மனை எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர் வில்லவராயர். ஓலை நாயகம் என்பது அவருடைய பட்டம். அவர் ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்தார். நாட்டில் யாருக்கு எந்தக் குறை வந்தாலும் அதற்கு ஒன்பது ஓலை. முதல் ஓலையில் பேரும் இருக்குமிடமும். இரண்டில் குறை. மூன்றில் சாட்சி. நான்கில் எதிராளியின் பதில். ஐந்தில் குறைப்பட்டவர் தாமே ஓலை மண்டபத்துக்கு வந்து தம் கையால் ஒரு கீறல் போட வேண்டும். ஆறு, வைத்தியர் பார்த்து எழுதுவது. ஏழு, பரிகாரம். எட்டு, ராஜ முத்திரை. ஒன்பதாம் ஓலையில் ஒரே ஒரு சொல்தான்: தீர்ந்தது.

ஒன்பதையும் துளையிட்டு ஒரே கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டார். ஓர் ஓலை எழுதி முடிந்தால்தான் அடுத்ததைத் தொடலாம். மாடு காணாமல் போனவன் வந்தாலும் ஆறாம் ஓலைக்கு வைத்தியர் அவனுக்கு நாடி பார்த்தார். வேலிச் சண்டைக்காரனை நாக்கை நீட்டச் சொன்னார். ஜனங்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். ராஜா நிம்மதியாகத் தூங்கினார். வில்லவராயருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

அந்தச் சபையில் வேம்பன் என்று ஒரு விகடகவி இருந்தான். அம்மா அப்பா வைத்த பேர் வேறு. பேச்சில் கசப்பு கூடுதல் என்பதால் ஊர் வைத்த பேர் நிலைத்துவிட்டது. வாசலில் நாற்பது நாளாக ஒரே தூணடியில் ஒரு பெண் கஞ்சிக் கலயத்தோடு நிற்பதை அவன்தான் கவனித்தான். அவள் பேர் காத்தாயி.

"யாருக்கம்மா கஞ்சி?"

"எம் புருசனுக்குய்யா. வீரணன்னு பேரு, ஓடம் தள்ளுறவரு. அக்கரையில ஒரு வீரணன் கோயில் நகையத் திருடிப்புட்டானாம். பேரு ஒண்ணா இருக்குன்னு இவரப் புடிச்சு உள்ள போட்டுட்டாக. கொட்டடில கெடந்து காச்சலு."

"வைத்தியர் பார்த்தாரா?"

"அஞ்சாவது ஓல முடிஞ்சாத்தான் ஆறாவதாம். அஞ்சாவதுக்கு அவரே வந்து கீறல் போடணுமாம். உள்ள இருக்கறவரு எப்பிடிய்யா வருவாரு? வெளிய விடுங்கன்னு கேட்டா, அதுக்கு எட்டாவதுல முத்திரை விழணுங்குறாக."

வேம்பன் நேராகச் சபைக்குப் போய், நடந்ததைச் சொன்னான். "அரசே, இந்தக் கயிற்றில் ஓலையைக் கோக்கவில்லை. ஆட்களைக் கோத்திருக்கிறார்கள்" என்றான்.

வில்லவராயருக்குச் சுருக்கென்றது. வெகுநாளாகவே வேம்பன் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. அவர் எழுந்து வணங்கினார். "அரசே, குறை சொல்வது எளிது. ஓலை மண்டபத்தை நாளை ஒருநாள் விகடகவியே நடத்தட்டும். ஆனால் தாங்கள் ஒப்பமிட்ட கட்டளை இது. ஓர் ஓலை வரிசை மாறினாலும் அவர் தலை கழுத்தில் இருக்கக் கூடாது."

மந்திரிகள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ராஜாவும் ஆட்டினார். கொட்டாவி விட்டபோது ஆடியதா, சம்மதித்து ஆடியதா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வேம்பன் மண்டபத்துக்குப் போகும்போது காத்தாயி கொஞ்சம் முகம் தெளிந்திருந்தாள். "காவக்காரரு உள்ள கொண்டுபோற கலயம் மூணு நாளாக் காலியாத் திரும்பி வருதுய்யா. அதுக்கு முந்தி அப்பிடியே வரும். காச்சல் விட்டுருக்கும்போல" என்றாள். அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் ராஜாவுக்கு மிளகுக் குழம்பு. மூன்றாம் கவளத்தில் விக்கல் பிடித்துக்கொண்டது. "தண்ணீர்" என்றார். பரிசாரகன் செம்பைத் தூக்குவதற்குள் வேம்பன் உள்ளே வந்து அதை வாங்கிக்கொண்டான். மற்றக் கையில் கயிற்றில் கோத்த ஒன்பது ஓலை இருந்தது.

"அரசருக்குக் குறை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தங்கள் திருநாமம்?"

"விளையாடாதே. விக்... தண்ணீர் கொடு."

"நாட்டில் யாருக்கு எந்தக் குறை வந்தாலும் ஒன்பது ஓலை என்பது தங்கள் கட்டளை. அரசர் நாட்டில் இல்லையென்றால் இப்போதே தந்துவிடுகிறேன்."

ராஜா பேரைச் சொன்னார். குறையைச் சொன்னார். சாட்சிக்குப் பரிசாரகன் கைகட்டி நின்றான். "நான்காம் ஓலை. எதிராளியின் பதில்" என்று வேம்பன் ராஜாவின் தொண்டைக்கு அருகில் காதைக் கொண்டுபோனான். "விக்" என்றது. "'விக்' என்று எதிராளி ஒப்புக்கொண்டார்" என்று நிதானமாக எழுதினான்.

"ஐந்தாம் ஓலை. அரசர் தாமே மண்டபத்துக்கு எழுந்தருள வேண்டும்."

கொதிக்கிற முற்றத்தைக் கடந்து ராஜா நடந்தார். பாதி வழியில் நின்றார். முகமெல்லாம் சிவந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. "தண்ணீர்தான் உன் கையிலேயே இருக்கிறதே, பாவி."

"தண்ணீர் கையில் இருக்கிறது அரசே. ஆனால் அது ஏழாம் ஓலை. இன்னும் வைத்தியர் நாடி பார்க்க வேண்டும்."

பின்னால் ஓடிவந்த வில்லவராயர், "உடனே கொடும், மூடனே" என்று கத்தினார். வேம்பன் அவரைப் பார்த்து, "கொடுக்கிறேன். வரிசை மாறினால் தலை என்றீர்களே, அதற்கு உங்கள் தலையைத் தருகிறீர்களா?" என்று கேட்டான். வில்லவராயர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

ராஜாவே எட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து ஒன்பது ஓலையும் தரையில் சிதறின. "கட்டளை போட்டவரே அவிழ்த்துவிட்டார். இனி யார் தலைக்கும் பயமில்லை" என்று சொல்லி வேம்பன் செம்பை நீட்டினான். ராஜா மடமடவென்று குடித்தார். விக்கல் நின்றது. 'எதிராளி ஒப்புக்கொண்டார்' என்ற கேலி அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது போலிருக்கிறது, சிரிக்கத் தொடங்கினார். கூடவே ஓடிவந்திருந்த மந்திரிகளும் சிரித்தார்கள்.

வேம்பன் சிரிக்கவில்லை. குனிந்து ஓலைகளை எடுத்தான். "அரசே, சோறு வடிக்க முதலில் அரிசி வேண்டும். அதை மாற்ற முடியாது. ஆனால் குழம்பு கொதித்தால்தான் அரிசி களைவேன் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. வைத்தியருக்கு என்ன தெரிய வேண்டும்? ஆள் எங்கே கிடக்கிறான் என்று. அது முதல் ஓலையிலேயே இருக்கிறது. பிறகு ஏன் அவர் ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறார்? பரிகாரத்துக்குக் குறை தெரிய வேண்டும், சாட்சி வேண்டும். அவற்றை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். எதற்கு எது முன்னால் வேண்டுமோ, அதற்கு மட்டும் முடிச்சு. மாட்டுக்காரனுக்கு நாடி வேண்டாம் என்றால் அந்த ஓலை வெறுமையாகவே இருக்கட்டும். மற்றதையெல்லாம் தட்டில் போட்டு வையுங்கள். யாருக்கு எது தெரியுமோ, அவர் அதை எடுத்து எழுதட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஓடக்காரன் வீரணன் வேண்டும்."

ராஜா வில்லவராயரைப் பார்த்தார். அவர் முகத்தில் இப்போது ஒரு தெளிவு வந்திருந்தது. "அரசே, நமது ஓலை முறை தாமதமானது என்பது வீண்பழி. அந்த வழக்கு முடிந்து நாலு நாள் ஆகிறது. அன்றைக்கே ஒன்பதாம் ஓலை எழுதிவிட்டேன். ஆள் இறந்தால் நடுவில் உள்ளவற்றைத் தாண்டி நேரே ஒன்பதுக்குப் போகலாம் என்று விதி வைத்திருக்கிறேன்."

வேம்பன் அவர் பக்கம் திரும்பினான். "அவன் மனைவிக்கு ஏன் சொல்லவில்லை?"

"ஒன்பதாம் ஓலையைக் கேட்டால் கொடுக்கலாம். அவள் தினமும் ஐந்தாம் ஓலையைத்தான் கேட்டாள்."

"மூன்று நாளாகக் கஞ்சியைக் குடித்தது யார்?"

இதற்கு ஓலை நாயகத்திடம் ஓலை இல்லை. வேடிக்கை பார்க்க வந்து நின்ற கொட்டடிக் காவலன் தரையைப் பார்த்தான்.

ராஜா வருத்தப்பட்டார். வருத்தப்படவில்லை என்று சொல்லக் கூடாது, 'த்சொ' என்றார். பிறகு கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி வேம்பனிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே அந்த விக்கல் ஞாபகம் வந்து மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. வேம்பன் காப்பை வாங்கிக்கொண்டான், ஒன்பதாம் ஓலையையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

காத்தாயி எழுந்து நின்றாள். "அஞ்சாவது ஆயிருச்சாய்யா?"

"கயித்த அவுத்துட்டாங்க தாயி. இனிமே அஞ்சாவதுக்கு யாரும் நிக்க வேண்டாம்."

"இது என்ன ஓல?"

"ஒன்பதாவது."

"எனக்கு எழுத்து தெரியாதே. என்ன போட்ருக்கு?"

"தீர்ந்ததுன்னு போட்ருக்கு."

அவள் இரண்டு கையாலும் ஓலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங் குறையத் தீத்து வச்ச ராசா நல்லா இருக்கணும்" என்றாள். பிறகு அவனுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

ஊரையே சிரிக்கவைத்துப் பிழைத்தவன் அவன். அன்று அவனுக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. ஓலையில் இருந்த சொல்லையே எடுத்தான்.

"கொற தீரலம்மா. ஆளுதான் தீந்துட்டாரு. நாலு நாளாச்சு."

காத்தாயி கலயத்தைப் பார்த்தாள். "அப்ப கஞ்சி?" என்றாள்.

கதை என்றால் கடைசியில் ராஜா சிரிக்க வேண்டும், விகடகவிக்குப் பரிசு கிடைக்க வேண்டும் என்பார்கள். பரிசு கிடைத்தது. ராஜாவும் உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருந்தார், வாசல் வரைக்கும் கேட்டது.