பன்னிரண்டாம் பக்கத்துச் சாவு

ஒரு நாற்பது பக்க நோட்டுக்குள் சுடலை என்று ஒருவன் இருந்தான். அவனை எழுதியது ஒரு பேனா. அவன் தங்கச்சி பேச்சியை எழுதியதும் அதே பேனாதான். பன்னிரண்டாம் பக்கத்தில் அவளைக் கல்குவாரித் தண்ணீரில் மூழ்கடித்ததும் அதேதான்.

சுடலை பதினாறு பக்கம் அழுதான். பேனாவுக்கே சலித்துப்போனது. இருபத்தொன்பதாம் பக்கத்தில், "சரி, இனி நீ என்ன சொன்னாலும் நடக்கும்" என்று எழுதிவிட்டது. ஒரே ஒரு வரி. ஒருத்தனைக் கடவுள் மாதிரி ஆக்க அவ்வளவு போதும்.

சுடலை சோதித்துப் பார்த்தான். "மழை" என்றான். பக்கம் நனைந்தது. "நில்" என்றான். துளிகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. அவற்றைக் கையால் விலக்கிக்கொண்டு முப்பத்துமூன்றாம் பக்கம் வரை நடந்தான்.

"பன்னிரண்டாம் பக்கம் கிழி..." என்று ஆரம்பித்தான்.

"ஏல, பொறு."

பேசியது நோட்டின் நடுவில் தாள்களைக் கோத்திருந்த கம்பி. துருப்பிடித்த கம்பி. அதுவரை அது பேசி யாரும் கேட்டதில்லை.

"என்னைத் தடுக்க நீ யாரு?"

"உன்னை எப்படித் தடுக்க? அதான் பேனா எழுதிருச்சே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக யாருட்டயும் கேளு. முன்னாடி ஒரு தாளைக் கிழிச்சா பின்னாடி ஒண்ணு கழண்டு வரும். ரெண்டும் ஒரே தாளுல. நடுவுல மடிச்சிருக்கு, அவ்வளவுதான். பன்னிரண்டுக்குச் சோடி இருபத்தொன்பது."

"அதுல என்ன இருக்கு?"

"உன் சக்தி."

பேனா சிரித்தது. "இவன்ட்டப் போயி தாளு, மடிப்புன்னு பேசுதியே. எல்லாம் முடியும்னு எழுதியிருக்கேன். எல்லாம்னா எல்லாந்தான்."

"சரி. அவ சாகலன்னா இவன் அழ மாட்டான். இவன் அழலன்னா நீ அந்த வரிய எழுத மாட்ட. எழுதலன்னா, இப்பக் கிழிக்கச் சொன்னது யாரு?"

சுடலை இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை.

"கிழியட்டும்" என்றான்.

கிழிந்தது. பத்தாம் பக்கத்தில் பேச்சி குவாரிக் கரையில் நின்றாள். பாவாடை நனையவில்லை. "அண்ணே!" என்று கையை ஆட்டினாள்.

பின்னால் இருபத்தொன்பதாம் பக்கம் சத்தமில்லாமல் கழன்று விழுந்தது.

இப்போது கிழிக்கச் சொன்னவனே இல்லை. அதனால் கிழிந்த தாள் எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பேச்சிக்குக் கால் வழுக்கியது. சுடலை பதினாறு பக்கம் அழுதான். பேனா அதே வரியை, ஏதோ முதல் தடவை எழுதுவது போல எழுதியது. முப்பத்துமூன்றில் வந்து நின்று சுடலை சொன்னான்:

"கிழியட்டும்."

மறுபடியும். மறுபடியும். பேனாவுக்கும் சுடலைக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. கம்பி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அது குத்தியிருந்த ஓட்டை கொஞ்சம் அகலமானது. கடைசியில் அந்த ஓட்டை வழியாகக் குவாரித் தண்ணீர் முப்பத்துமூன்றாம் பக்கத்துக்குக் கசிந்தது. கூடவே ஒரு குரலும் வந்தது.

"அண்ணே."

சுடலை அந்த ஓட்டைப் பக்கம் குனிந்தான். "பேச்சி! இரு பிள்ள, இந்தா கொண்டாந்துருதேன்."

"வேண்டாம்ண்ணே. நீ கிழிக்கும்போதெல்லாம் நான் கரையில நிக்கேன். வழுக்கப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியுது. தண்ணி மூக்குல ஏறுது. எல்லாரும் ஒரு தடவைதான சாவாங்க? எனக்கு மட்டும் ஏன் இத்தனை தடவை?"

சுடலை கம்பியைப் பார்த்தான். "எத்தனை?"

"முந்நூத்திப் பதினொண்ணு."

என்ன சொன்னாலும் நடக்கும் வாய் அது. அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு அந்த நோட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. முப்பத்துமூன்றாம் பக்கம் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. காதை வைத்துப் பாருங்கள். அவன் அவள் பெயரைச் சொல்லாமல் இருப்பது கேட்கும்.